இடம் பிடித்த பாட்டு

என் அக்கா பொய் சொன்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. உண்மை சொல்லும்போதுதான் அவளுக்கு நாக்கு குழறும். சின்ன வயதில் கண்ணாடி ஜாடியை உடைத்தது நான்தான் என்று அவள் அம்மாவிடம் சொன்ன அழகில், நானே என் கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டேன். உடைத்தது அவள். அப்பேர்ப்பட்ட திறமை வீணாகக் கூடாது என்றோ என்னவோ, வளர்ந்ததும் சினிமாவில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

நடிக்கப் போகவில்லை. எடிட்டர் ஒருவரிடம் உதவியாளராகப் போனாள். படத்தில் பாட்டும் பின்னணி இசையும் எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று வெட்டி ஒட்டுவது அவள் பொறுப்பு. ஸ்டூடியோவில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். இப்போது யாரும் கத்தரியைக் கையால் தொடுவதில்லை, எல்லாம் கம்ப்யூட்டரில்தான். ஆகவே அந்தப் பெயரை வேலையைப் பார்த்து வைத்திருக்க மாட்டார்கள், வாயைப் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

அவளுடைய அறை நான்காவது மாடியில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. இரண்டு திரைகள், மூலைக்கு ஒரு ஒலிபெருக்கி, சுவர் முழுக்கச் சத்தத்தை உறிஞ்சும் பஞ்சுப் பலகை. ஏ.சி. ஓடுவது இயந்திரங்களின் நலனுக்காக, மனிதர்களின் நலனுக்காக அல்ல. அதனால் வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் அக்கா ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்புவாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் மெல்ல நகர்ந்து உட்காருவார்களாம். வசதியாகப் போயிற்று என்பாள்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு காட்சியைத் தொகுக்கும்போது அதற்கான பாட்டு பெரும்பாலும் வந்திருக்காது. இசையமைப்பாளர் எங்கேயாவது கடற்கரையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருப்பார். அதற்காகக் காட்சியை ஊமையாக ஓட்டினால் வேகம் பிடிபடாது. அதனால் கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு பாட்டை அந்த இடத்தில் போட்டு வைப்பார்கள். டெம்ப் என்று அதற்குப் பெயர். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிக்கிறோமே, அதே கதைதான். உட்கார வேண்டிய ஆள் வந்ததும் துண்டை எடுத்துவிட வேண்டும்.

இதில் உள்ள ஆபத்து, டைரக்டர்கள் துண்டைக் காதலித்துவிடுவார்கள். மாதக்கணக்கில் அதே காட்சியை அதே பாட்டோடு பார்த்துப் பார்த்து, வேறு எதைப் போட்டாலும் கசக்கும். ஒரு தடவை அக்கா நல்ல பிள்ளையாக, ஊரே முணுமுணுக்கும் ஒரு காதல் பாட்டைத் துண்டாகப் போட்டிருக்கிறாள். இசையமைப்பாளர் தன் சொந்தப் பாட்டோடு வந்தபோது, டைரக்டர் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு கேட்டாராம். இசையமைப்பாளர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். எடிட்டருக்கு ரத்த அழுத்த மாத்திரை ஆரம்பமானது அந்தப் படத்தில்தான். அன்றைக்கு அக்காவுக்கு ஒரு யோசனை உதித்தது. யாராலும் காதலிக்கவே முடியாத பாட்டாகப் பார்த்துப் போட்டால் என்ன? டைரக்டர் கேட்ட உடனே அலறுவார். அப்புறம் எதைக் கொண்டு வந்து கொடுத்தாலும், அப்பாடா என்று வாங்கிக்கொள்வார்.

அந்தப் பாட்டைத் தேடி அவள் வெகுதூரம் போகவில்லை. வீட்டிலேயே இருந்தது.

என் அக்கா வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். நாங்கள் எல்லாரும் ஒரே அடுக்குமாடியில்தான் இருக்கிறோம், அவர்கள் மேல்தளம், நான் அதற்குக் கீழே. கல்யாணமான புதிதில் மாமா ஒரு இசைக்குழு வைத்திருந்தார். அவர் கிட்டாரும் பாட்டும், தெருமுனை சலூன்காரர் டிரம்ஸ், மருந்துக்கடைக்காரர் பேஸ் கிட்டார். எந்தக் கம்பெனியும் தலையிடாமல், தானே எழுதி, தானே பாடி, தானே பதிவு செய்வதற்கு இண்டி ராக் என்று பெயர் என மாமா எனக்கு விளக்கினார். தானே கேட்டுக்கொள்வது என்பதை நான் மனதுக்குள் சேர்த்துக்கொண்டேன். கட்டடத்தின் தரைத்தளத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு துணி துவைக்கும் அறை இருக்கிறது. எதிரொலி பிரமாதமாக வருகிறது என்று அங்கேதான் பதிவு செய்தார்கள். குழுவுக்கு ஈரத்துணி என்று பெயர் வைத்தார்கள்.

அவர்கள் பதிவு செய்ததிலேயே மாமாவுக்கு உயிரான பாட்டு ஒன்று உண்டு. அக்கா அவரோடு சண்டை போட்டுக்கொண்டு எங்கள் அம்மா வீட்டுக்கு வந்திருந்த நாட்களில் எழுதியது. போகிற வேகத்தில் அவள் வீட்டில் இருந்த ஒரே நல்ல போர்வையையும் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மாமா உட்கார்ந்து பாட்டெழுதினார். 'போனதுதான் போனே, போர்வையை ஏன் கொண்டுபோனே' என்று தொடங்கும். 'கொண்டுபோனே' என்ற இடத்தில் குரல் மேலே ஏறும். ஏற முயலும் என்று சொல்வதுதான் நியாயம். சுருதி ஒரு பக்கம் நிற்கும், மாமா இன்னொரு பக்கம் நிற்பார், இருவரும் ஒருவரையொருவர் எட்டிப் பார்த்துக்கொள்வார்கள். போதாததற்குப் பின்னால் வாஷிங் மெஷின் கடகடவென்று துணியைப் பிழிந்துகொண்டிருக்கும். பதிவு செய்த நேரத்தில் முதல்மாடி அம்மாள் தன் ஜமக்காளத்தை வெளியே எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அக்கா அந்தப் பாட்டைக் கொண்டுபோய் ஒரு கண்ணீர்க் காட்சிக்குத் துண்டாகப் போட்டாள். டைரக்டர் பாதியிலேயே காதைப் பொத்திக்கொண்டு, முதல்ல இதைத் தூக்குங்க என்றார். மறுநாள் அவள் சுமாரான ஒரு பாட்டைப் போட, அவர் அவளுக்கு நன்றி சொன்னார். அடுத்த படம், அடுத்த டைரக்டர், அதே பாட்டு, அதே அலறல். இரண்டு கை விரல்களும் போதாத அளவுக்குப் படங்கள் ஆயின. ஸ்டூடியோவில் அது ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. புது டைரக்டர் வருகிறார் என்றால், போர்வையை எப்போ போர்த்தப் போறே என்று எடிட்டர் கேட்பாராம். பாடியது தன் புருஷன்தான் என்று மட்டும் அவள் அங்கே மூச்சு விடவில்லை.

இதெல்லாம் எனக்கு மட்டும் தெரியும். நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை பார்க்கிறேன். யாருக்கு என்ன தெரியவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. மாமாவுக்குத் தெரியவில்லை. அதுதான் விஷயம். ஏனென்றால் சலூன்காரர் வேறு ஊருக்குப் போய், மருந்துக்கடைக்காரருக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்து, குழு கலைந்த பிறகும் மாமா நம்பிக்கையை விடவில்லை. சாப்பிடும்போது சும்மா இருக்கிற மாதிரி இருந்துவிட்டு, யாராவது ஒரு டைரக்டர் காதில் அந்தப் பாட்டை ஒரே ஒரு தடவை போட்டுப் பாரேன் என்பார். நேரம் வரட்டுங்க என்பாள் அக்கா. அவர் தலையாட்டிக்கொண்டு மோரை ஊற்றிக்கொள்வார். பாட்டு எந்த டைரக்டர் காதிலும் விழவில்லை, விழுந்தால் பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் அந்த மனுஷனின் நம்பிக்கை முழுவதும். எல்லார் காதிலும் விழுந்தாயிற்று, எல்லாரும் தூக்கச் சொல்லியாயிற்று, அதுவும் சொல்ல வைப்பதற்காகவே பெண்டாட்டி போட்டாள் என்று தெரிந்தால் அவர் நொறுங்கிப் போவார். என் அக்காவுக்கு அம்மாவிடம் பயம் கிடையாது, எடிட்டரிடம் கிடையாது, போலீஸிடம்கூடக் கிடையாது. இது ஒன்றுக்குத்தான் பயந்தாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் பேய் பஸ் வந்து குறுக்கே நின்றது.

பேய் பஸ் என்பது ஒரு படத்துக்கு நாங்கள் வைத்த பெயர். கடைசி டிரிப் பஸ்ஸில் ஒரு பேய் கண்டக்டர், அவன்மேல் காதல் கொண்ட ஒரு உயிருள்ள பெண். மூன்று பாகம் வந்துவிட்டது. மூன்றிலும் அவன் டிக்கெட் கிழித்துக்கொண்டே இருக்கிறான், அவள் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமலே இருக்கிறாள். வயசுப் பிள்ளைகள் அதற்காக உயிரை விடுகிறார்கள். என் கடைக்கு நல்ல கண்ணோடு வந்து, அந்தக் கண்டக்டர் போடுகிற மாதிரி வட்டக் கண்ணாடி வேண்டும் என்று கேட்டவர்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். படத்தை விடப் பெரிய விஷயம் அதன் பாட்டு ஆல்பம். ஒவ்வொரு பாகத்துக்கும் யாருக்கும் தெரியாத இண்டி ராக் குழுக்களாகப் பொறுக்கியெடுத்து ஒரு ஆல்பம் போடுவார்கள். அதில் இடம் கிடைத்த குழு அதோடு பெரிய ஆளாகிவிடும். மாமாகூட மூன்று ஆல்பத்தையும் வாங்கி வைத்திருக்கிறார். எல்லாம் ரொம்பச் சுத்தமாப் பாடுறாங்க என்பது அவருடைய குறை.

நான்காம் பாகத்தில் அந்தப் பெண் கடைசியாகப் பஸ்ஸை விட்டு இறங்குகிறாள். அக்கா வழக்கம்போல அந்த இடத்தில் போர்வையைப் போர்த்திவிட்டு, டைரக்டர் எப்போது அலறுவார் என்று காத்திருந்தாள். புது டைரக்டர், சின்னப் பையன், தாடியில் பாதிதான் முளைத்திருக்கும். பாட்டு முழுக்க ஓடி முடிந்தது. அவர் அலறவில்லை. மறுபடி போடுங்க மேடம் என்றார். அக்கா மறுபடி போட்டாள்.

யார் பாடினது என்று அவர் கேட்டார். பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தது, குழு கலைந்துவிட்டதாகக் கேள்வி, பாடினவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டாராம் என்று அக்கா கண்ணிமைக்காமல் சொன்னாள். எந்த நாடு என்று அவர் விடவில்லை. ஏதோ குளிர்ப் பிரதேசம் என்றாள். டைரக்டர் தலையை ஆட்டினார்.

"நெனச்சேன் மேடம். மத்தவங்க எல்லாம் பிரிவைப் பத்திப் பாடுறாங்க. இவருக்கு நெஜமாவே குளிருது."

பாடினவர் கிடைக்க மாட்டார் என்றானதும், அந்தக் காட்சிக்கு வேறு பாட்டு தேடும் படலம் ஆரம்பித்தது. ஆல்பம் கம்பெனியில் பாட்டுப் பொறுக்குவதற்கென்றே ஒரு அம்மாள் இருக்கிறார், கழுத்தில் ஹெட்போன் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. நாட்டில் கிட்டார் வைத்திருக்கிற அத்தனை பேரும் அவருக்குப் பாட்டு அனுப்பியிருந்தார்கள். அதைக் கேட்டு முடிக்கவே மாதங்கள் ஆயின. அவ்வளவு நாளும் துண்டு சீட்டிலேயே கிடந்தது. டைரக்டர் தினமும் அதைக் கேட்டார். கேட்கக் கேட்கக் காதல் முற்றியது. அந்த அம்மாள் கொண்டுவந்த ஒவ்வொரு பாட்டையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, நல்லாயிருக்கு, ஆனா குளிரலை என்று திருப்பி அனுப்பினார். வெளியே ஜனங்களைக் கூட்டிப் படத்தைப் போட்டுக் காட்டியபோது, பிள்ளைகள் போர்வையை ஏன் கொண்டுபோனே என்று முனகிக்கொண்டே படியிறங்கியிருக்கிறார்கள். அக்கா சுவரோரமாக நின்று இதைக் கேட்டிருக்கிறாள்.

அப்போதே மாமாவிடம் சொல்லித் தொலை, சந்தோஷப்படுவார் என்று நான் அவளிடம் சொன்னேன். அவள் மாட்டேன் என்றாள். சொன்னால் அவர் ஸ்டூடியோவுக்கு வருவார். வந்தால் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் எடிட்டர் எல்லாக் கதையையும் கொட்டிவிடுவார். அதோடு டைரக்டர்களின் டெம்ப் காதலை நம்பி யாரும் ஊரைக் கூட்ட முடியாது, நாளைக்கே தெளிந்துவிட்டால் என்ன செய்வது என்றாள். 

டைரக்டருக்குத் தெளியவில்லை. உரிமையாளர் இல்லாத பாட்டை ஆல்பத்தில் சேர்க்க முடியாது என்று ஹெட்போன் அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதே பாட்டைப் பேர்பெற்ற ஒரு குழுவை வைத்துப் பாடிப் பார்க்கலாம், ஆள் கிடைத்தால் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு ஆனது. அந்தக் குழுவின் பாடகர் இடுப்பு வரை முடி வளர்த்தவர், நிஜமான வித்வான். பாடி அனுப்பினார். டைரக்டர் கேட்டுவிட்டு, இவர் நல்லாப் பாடுறார், அதுதான் பிரச்சினை என்றார். வித்வானுக்கு ரோஷம் வந்துவிட்டது. நேரிலேயே வந்து பாடிக் காட்டுகிறேன், எவ்வளவு மோசமாக வேண்டும் என்று சொல்லுங்கள் என்று குழுவோடு கிளம்பி வந்தார். கூடவே டிரம்ஸ், ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள் எல்லாம் வந்தன. அத்தனையையும் லிப்டில் ஏற்றினார்கள். வரவேற்கக் கீழே போயிருந்த டைரக்டரும் பெட்டிகளுக்கு நடுவில் ஒண்டிக்கொண்டார். எத்தனை பேர் ஏறலாம் என்று லிப்டில் எழுதி வைத்திருக்கிறது. பாடுகிறவர்கள் அதையெல்லாம் படிப்பதில்லை. மூன்றாவது மாடிக்கும் நான்காவதுக்கும் நடுவில் லிப்ட் நின்றுவிட்டது.

அந்தக் கட்டடத்தின் லிப்டைப் பார்த்துக்கொள்வது மாமா வேலை செய்யும் கம்பெனிதான். வழக்கமாக வருகிற மெக்கானிக் பல் பிடுங்கிக்கொண்டு லீவில் இருந்தார். அதனால் நான்காவது மாடிப் படிக்கட்டில் கருவிப் பையோடு ஏறி வந்தவர் என் மாமா. பெண்டாட்டியை வேலை இடத்தில் பார்த்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்ததாம்.  பொய்க்குப் பேர்போனவளுக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது, நீங்க போய் டீ குடிங்க, லிப்டை நான் பார்த்துக்கறேன் என்பதுதான். மாமா அவளை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, லிப்டின் வெளிக்கதவைச் சாவி போட்டுத் திறந்தார்.

கீழே லிப்டுக்குள் வித்வானுக்கு மூச்சு முட்டத் தொடங்கியிருந்தது. அடைத்த இடம் அவருக்கு ஆகாதாம். அவரைச் சாந்தப்படுத்துவதற்காக டைரக்டர் தனக்குத் தெரிந்த ஒரே பாட்டை எடுத்துவிட்டார். போனதுதான் போனே என்று அவர் பாடுவது இருட்டுக்குள்ளிருந்து மேலே கேட்டது. மாமா கையில் இருந்த திருப்புளியோடு அப்படியே நின்றார். போர்வையை ஏன் என்ற இடத்தில் டைரக்டர் நிறுத்திவிட்டார், அதற்கு மேல் அவருக்கு ஒரு நாளும் வந்ததில்லை. மாமா குழிக்குள் குனிந்து, கொண்டுபோனே என்று முடித்துவைத்தார். குரல் ஏற முயன்றது, சுருதியை எட்டிப் பார்த்தது, விழுந்தது. ஒரு மயிரிழை மாறவில்லை.

 உள்ளேயிருந்து வித்வானின் குரல்தான் வந்தது. "அதான் சார். அந்த எடம்தான் எனக்கு வரலை."

லிப்டை மேலே கொண்டுவந்து கதவைத் திறந்ததும், டைரக்டர் கிரீஸ் படிந்த மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நீங்க வெளிநாடு போயிட்டதா சொன்னாங்களே என்றார். மாமாவுக்குப் புரியவில்லை. என் பெண்டாட்டியைக் கேளுங்கள் என்று அக்காவைக் காட்டினார். அப்போது எடிட்டர் வெளியே வந்தார். பாடினது இவர்தானா, அதுவும் நம் கத்தரியின் வீட்டுக்காரரா என்று தெரிந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பாவம், கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. எல்லாப் படத்துக்கும் இதைத்தான் போடுவாள், எந்த டைரக்டரும் ஒரு நிமிஷத்துக்கு மேல் தாங்கியதில்லை, தூக்குங்கன்னு அவர்கள் கத்தினால்தான் எங்களுக்கு வேலை சுலபம், உங்கள் பாட்டு இந்த ஆபீஸுக்குச் சோறு போட்டிருக்கிறது என்று சிரித்துச் சிரித்துச் சொல்லி முடித்தார்.

மாமாவும் சிரித்தாராம். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, கருவிகளை ஒவ்வொன்றாகப் பையில் வைத்தாராம். ஆல்பம் இந்த வாரத்தோடு முடிகிறது, உங்கள் சம்மதம் வேண்டும் என்று ஹெட்போன் அம்மாள் கேட்டபோது, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றாராம். வீடு பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தது. அவர் அதன் பக்கம் திரும்பாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

அந்த ஆல்பம் வந்துவிட்டது. அதில் ஈரத்துணி குழுவின் பாட்டு இருக்கிறது, ஜமக்காளம் பிழிபடும் சத்தம் உட்பட. தெருவில் போகிற பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டே போகிறார்கள். நீங்களும் கேட்டிருக்கலாம், கேட்டுவிட்டு யாருடா இது என்று நினைத்தும் இருக்கலாம். ஆனால் நான் சொல்ல வந்தது அதை அல்ல. லிப்ட் நின்ற அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததை.

அக்கா கடைக்குப் போன் செய்து என்னை வரச் சொன்னாள். தனியாக வீட்டுக்குள் போகப் பயமாக இருக்கிறது என்றாள். இரண்டு பேருமாக மாடி ஏறினோம். மாமா சமையலறை மேஜையில் போர்வையை விரித்து, மறுநாள் யூனிபார்ம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சட்டை ஏற்கெனவே பலகை மாதிரி இருந்தது. அவர் திரும்பத் திரும்ப அதன் ஒரு கையையே தேய்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் உட்கார்ந்தோம். பேச்சை மாற்றலாம் என்று நான் ஏதோ ஆரம்பித்தேன், அக்கா என் காலை மிதித்தாள்.

எல்லாரும் தூக்கச் சொன்னார்களா என்று அவர் கேட்டார். எல்லாரும் என்றாள் அக்கா. ஒருத்தர்கூட முழுசாகக் கேட்கவில்லையா என்றார். இல்லை என்றாள். அவ்வளவு மோசமா அந்தப் பாட்டு என்று கேட்டார். இப்போதாவது ஒரு நல்ல பொய்யைச் சொல்லேன் என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். அவள் வாயைத் திறப்பதையும், ஒன்று தயாராக வந்து நிற்பதையும் பார்த்தேன். அவள் அதை விழுங்கிவிட்டாள்.

மோசம்தான் என்றாள். சுருதி சேரவில்லை, தாளம் ஒரு பக்கம் ஓடுகிறது, வாஷிங் மெஷின்தான் ஒழுங்காக வாசிக்கிறது என்று வரிசையாகச் சொன்னாள். கேட்ட எனக்கே வலித்தது. மாமா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"சரி. ஊர்ல மோசமான பாட்டு ஆயிரம் இருக்கு. மொத ஆளு தூக்கச் சொன்னப்புறம், அடுத்த ஆளுக்கும் ஏன் இதையே போட்டே?"

அக்காவுக்கு நாக்கு குழறியது. அது வேலை, பழக்கமாயிடுச்சு, கையில இருந்தது என்று எதையெதையோ தொடங்கினாள், எதையும் முடிக்கவில்லை. கடைசியில் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தூக்க வேணாம்னு ஒருத்தராவது சொல்ல மாட்டாங்களான்னுதாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை காலமும் என்னோடு சேர்ந்து சிரித்தவள் அவள். ஆனால் சொன்ன உடனே அது உண்மை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு புது டைரக்டருக்கும் படத்தைப் போட்டுக் காட்டிவிட்டு வருகிற சாயங்காலம், மேல்வீட்டில் பாத்திரங்கள் உருளும் சத்தம் கீழே என் வீட்டுக்குக் கேட்கும். ஆபீஸில் ஏதோ தகராறு போல என்று நான் தலையணையைக் காதில் வைத்துக்கொள்வேன். அடுத்த நாள் நன்றாக அலறினார் என்று அவளே வந்து சிரிப்பாள், நானும் சிரிப்பேன். அவள் பொய்யை யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று நான்தானே பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

மாமா மேஜையைச் சுற்றி வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் முகத்தில் கோபம் இருக்கும் என்று பார்த்தேன். அவர் அவளுக்காக வருத்தப்படுகிற மாதிரி இருந்தது.

"பாடுறவன்தாம்மா போய் நின்னு வேணாம்னு கேட்டுட்டு வரணும். எல்லா வேணாமையும் நீயே கேட்டுக்கிட்டு, வீட்டுக்கு வந்து நேரம் வரட்டும்னு சொன்னியா?"

இத்தனை டைரக்டர்களிடம் கண்ணிமைக்காமல் பொய் சொன்னவள், ஸ்வெட்டர் கையில் மூக்கைச் சிந்தி அழுதாள். மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பரவாயில்லம்மா, பரவாயில்ல என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அங்கே அதிகப்படி என்பது எனக்கே தெரிந்தது. இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டுப் படியிறங்கினேன்.